கல்லும் மண்ணும் மரபுரிமையாவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சர்வதேசப் புவிச்சரித அறிவியல் ஒன்றியம், தான் தெரிவுசெய்த புவிச்சரித மரபுரிமைத் தளங்களில் முதல் நூறை 2022 ஒக்டோபரில் ஸ்பெயினின் சுமாயா நகரிலும், அடுத்த நூறை 2024 ஓகஸ்ற்றில் தென்கொரியாவின் பூசான் நகரிலும் வெளியிட்டது. அந்தப் பட்டியல்களைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், தெரிவும் மதிப்பீடும் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். சிகிரியா உலக மரபுரிமைத் தலம் என்பதால் அது புவிச்சரித மரபுரிமைத் தலமும் ஆகும் என்று என் மாணவர்கள் எழுதுகிறார்கள். அது அணைந்துபோன எரிமலையின் கழுத்து என்றும் எழுதுகிறார்கள். இவை சரியா? ஓர் இடத்தை அழகை வைத்துத் தெரிவுசெய்கிறார்களா, உயரத்தை வைத்தா, வயதை வைத்தா?
– ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: முதலாவது கூற்று தவறு. உலக மரபுரிமைப் பட்டியலில் ஓர் இடம் சேர்க்கப்படும்போது, பத்து அளவுகோல்களுள் எவற்றின்கீழ் அது சேர்க்கப்படுகிறது என்பது வெளிப்படையாகக் குறிக்கப்படும். சிகிரியா 1982 இல் இரண்டாம், மூன்றாம், நான்காம் அளவுகோல்களின்கீழ் சேர்க்கப்பட்டது. இவை மூன்றும் பண்பாட்டுக்குரியவை. அங்கே மதிக்கப்பட்டது காசியப்பன் எழுப்பிய அரண்மனையும் நீர்ப்பூங்காவும் ஓவியங்களுமேயன்றி, அவற்றைத் தாங்கிநிற்கும் பாறையன்று. பூமியின் வரலாற்றின் பெருங்கட்டங்களையும், இன்றும் நிகழ்ந்துகொண்டிருக்கும் புவிச்சரிதச் செயன்முறைகளையும், சிறப்பான நிலவுருவங்களையும் கருதும் அளவுகோல் எட்டாவது ஆகும். இலங்கையில் உள்ள எட்டு உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றேனும் அந்த எட்டாவது அளவுகோலின்கீழ் இல்லை. சிங்கராஜ வனமும் மத்திய மலைநாடும்கூட, உயிரினங்களையும் சூழற்றொகுதிகளையும் கருதும் ஒன்பதாம், பத்தாம் அளவுகோல்களின்கீழேயே இடம்பெற்றன. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவில் நின்று வியந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம்; ஆயினும் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது.

எரிமலைக் கழுத்து என்ற கதை சுற்றுலாக் கையேடுகளில் நெடுங்காலமாக உலவிவருகிறது. சிகிரியாக் குன்று எரிமலைக் குழாயில் உறைந்த குழம்பு அன்று. மிகப் பழைய உருமாறிய பாறையில், சுற்றியிருந்த பகுதிகள் வானிலையாலழிந்து அரித்துச் செல்லப்பட்ட பின்னர் எஞ்சிநின்ற குன்று அது. மரபுரிமை மதிப்பீட்டின் முதற்படியே இவ்வாறான விளக்கத்தைச் சரிபார்ப்பதுதான். கல் எப்படி உருவானது என்பதைத் தவறாகச் சொல்லிவிட்டால், அதன்மேல் ஏற்றும் மதிப்பெண்கள் அனைத்தும் தவறாகிவிடும்.

இனித் தெரிவுக்கு வருவோம். புதிதாகக் கேட்பவர்கள், நிபுணர்கள் சிலர் கூடியிருந்து நல்ல இடங்களின் பெயர்களைச் சொல்லிப் பட்டியலிடுவார்கள் என்று எண்ணுகிறார்கள். ஒழுங்காகச் செய்யப்படும் தெரிவில் இடங்களின் பெயர் பிற்பாடுதான் வரும். முதலில் அந்த நாட்டின் அல்லது பிரதேசத்தின் புவிச்சரித வரலாற்றைச் சில கருப்பொருள்களாகப் பிரிப்பார்கள். இலங்கைக்கு அப்படிப் பிரித்தால், தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த கொண்டுவானா என்ற பழம்பெருங் கண்டத்தின் ஆழத்தில் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறிய பாறைகள் ஒரு கருப்பொருளாகும். தப்போவையிலும் ஆண்டிகமவிலும் சிறு பள்ளங்களில் எஞ்சியிருக்கும் ஜுராசிக் காலப் படிவுகள் இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம்வரை நீளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், இரத்தினக்கற் படிவுகள், போகலவிலும் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளை நிரப்பிக் கிடக்கும் காரீய (கிராபைட்) நாளங்கள், வெந்நீரூற்றுகள் என்று அது தொடரும். அதன் பின்னரே, ஒவ்வொரு கருப்பொருளையும் மிகத் தெளிவாகக் காட்டும் இடம் எது என்ற கேள்வி எழும். ஒத்த இடங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுத் தெரிவு நடக்கும்.

இம்முறையை விரிவாகச் செய்துகாட்டியது பிரித்தானியா. அங்கே 1977 இல் தொடங்கிய புவிச்சரிதப் பாதுகாப்பு மீளாய்வு, மூன்று வாயில்களை வைத்தது: சர்வதேச முக்கியத்துவம், அபூர்வமான தனிச்சிறப்பு, ஒரு கருப்பொருளைப் பிரதிநிதித்துவப்படுத்தும் தன்மை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அவ்வாறு தெரியப்பட்டன. ஆனால் ஒரே செய்தியை இரண்டு இடங்கள் சொன்னால் அவற்றுள் ஒன்றே போதும், குறைந்த எண்ணிக்கையில் முழுக் கதையும் சொல்லப்பட வேண்டும் என்பது அவர்களது விதி. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியலை ஊதிப் பெருக்கும் ஆசைக்கு அது கடிவாளம் போடுகிறது.

ஆகவே தங்கள் மாணவர்களிடம் அழகும் உயரமும் வயதும் தம்மளவில் அளவுகோல்கள் ஆகா என்று சொல்லலாம். ஸ்கொட்லாந்தின் சிக்கார் முனை கடலோரத்தில் உள்ள சிறு பாறைத் திட்டு. 1788 இல் ஜேம்ஸ் ஹட்டன் நண்பர்கள் இருவருடன் படகில் சென்று அதைக் கண்டார். செங்குத்தாக நிமிர்ந்து நின்ற பழைய பாறைப் படைகளின் தலையை அரிப்பு சீவிவிட்டிருந்தது. அதன்மேல் செம்மணற்கல் சாய்வாகப் படிந்திருந்தது. முதற்படைகள் கடலடியில் படிந்து, இறுகி, மடிந்து, உயர்ந்து, தேய்ந்து, மீண்டும் புதிய மணலால் மூடப்பட எவ்வளவு நெடுங்காலம் எடுத்திருக்கும் என்ற எண்ணம் அந்த ஒரு முகப்பிலிருந்தே வலுப்பெற்றது. அந்த முனை முதல் நூறில் இடம்பெற்றிருப்பது, அறிவியலின் வரலாற்றில் அதற்குள்ள இந்தப் பங்கினால்தான். ஒன்றியத்தின் வரைவிலக்கணமும் இதையே கேட்கிறது: அறிஞர்கள் மேற்கோளிடமாகக் கொள்ளும் சர்வதேச அறிவியற் பெறுமதி இருக்க வேண்டும், அல்லது புவிச்சரிதவியலின் வளர்ச்சிக்கு அந்த இடம் கணிசமாக உதவியிருக்க வேண்டும்.

கேள்வி: தளங்களுக்கு மதிப்பெண் வழங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கல்லுக்கு எப்படி மதிப்பெண் வழங்குவது? இது நிபுணரின் விருப்பத்துக்கு எண் வேடம் போடுவதாகாதா?
– வாசகர் ஒருவர், மட்டக்குளி

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானது, அதற்கு முழுமையான பதில் கிடையாது. ஆயினும் முறையைப் பார்த்த பின்னர் தீர்ப்புச் சொல்வது நல்லது.

பல முறைகள் உண்டு. பரவலாகப் பின்பற்றப்படுவது, போர்த்துக்கல்லின் மின்யோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசே பிரில்ஹா 2016 இல் வெளியிட்டது. அறிவியற் பெறுமதியை அவர் ஏழு அளவுகோல்களாகப் பிரித்து நிறை வழங்கினார். பிரதிநிதித்துவத்துக்கு 30 சதவீதம், மூல இடமாகவோ (ஒரு பாறையோ கனிமமோ முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடம்) மேற்கோளிடமாகவோ இருப்பதற்கு 20, சிதையாத நிலைக்கு 15, அருமைக்கு (அரிதாக இருப்பதற்கு) 15, ஆய்வுக்குத் தடையின்மைக்கு 10, ஏற்கனவே வெளியான ஆய்வுகளுக்கு 5, புவிச்சரிதப் பல்வகைமைக்கு 5. ஒவ்வொன்றுக்கும் 1, 2, 4 என்ற புள்ளிகளுள் ஒன்றே வழங்கப்படும். 3 இல்லை என்பதைக் கவனியுங்கள். மிகச் சிறந்தவற்றுக்கும் நல்லவற்றுக்கும் இடையில் இடைவெளி தெரியவேண்டும் என்பதற்காகவே அது விடப்பட்டது. நான்கும் நான்குமாகப் பெறும் தளத்துக்கு மொத்தம் 400.

ஒரு கற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கடலோரத்தில், வீதிக்கு அருகே, உயிர்ச்சுவடுகள் தெரியும் சுண்ணாம்புக்கல் வெட்டுமுகம் ஒன்று இருக்கிறது. அக்காலப் படிவுக்கு நாட்டிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்றால் பிரதிநிதித்துவத்துக்கு 4. முப்பதால் பெருக்க 120. உள்நாட்டு ஆய்வாளர்கள் மட்டுமே மேற்கோளிடமாகக் கொள்கிறார்கள் என்றால் 1, அது 20. ஒரு பகுதி உடைந்துவிட்டது, ஆனால் முக்கிய கூறுகள் நிற்கின்றன என்றால் 2, அது 30. ஒத்த இடங்கள் வேறு இரண்டு இருந்தால் அருமைக்கு 2, அதுவும் 30. அனுமதிச் சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் 4, அது 40. உள்நாட்டு வெளியீடுகளுக்கு 2, பல்வகைமைக்கு 2 என்று வைத்து இரண்டு பத்துகளைச் சேர்த்தால் மொத்தம் 260.

இத்துடன் விட்டால் அது பரீட்சை விடைத்தாள் திருத்துவது போலாகிவிடும். முறையின் உண்மையான பயன், அழிவு ஆபத்தைத் தனியாகக் கணிப்பதில் இருக்கிறது. அங்கே ஐந்து அளவுகோல்கள்: புவிச்சரிதக் கூறுகள் சிதையும் வாய்ப்பு 35, கேடு விளைவிக்கும் செயற்பாடுகளின் அண்மை 20, சட்டப் பாதுகாப்பு 20, அணுகுவழி 15, மக்கள் செறிவு 10. இவற்றுக்கு 1 முதல் 4 வரை முழு எண்கள். நமது கற்பனை வெட்டுமுகத்தின் முக்கிய கூறுகள் சிதையக்கூடும் (3), பக்கத்தில் கற்குவாரி (4), சட்டப் பாதுகாப்பு எதுவுமில்லை (4), வீதி அருகில் (4), மக்கள் செறிவு நடுத்தரம் (2) என்றால் 105, 80, 80, 60, 20 என்று கூட்டி 345 வரும். 300 க்கு மேல் சென்றால் ஆபத்து அதிகம் என்பது வகுப்பு. தேசிய பூங்கா ஒன்றின் நடுவே, 300 பெறுமதிப் புள்ளியும் 150 ஆபத்துப் புள்ளியும் கொண்ட மலைமுகடு ஒன்று இருந்தால், பெறுமதியில் அதுவே மேல். ஆனால் அடுத்த ஆண்டின் பணமும் ஆளும் எங்கே போகவேண்டும் என்று கேட்டால், 260 பெற்ற வெட்டுமுகத்துக்குத்தான் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. பெறுமதியையும் ஆபத்தையும் ஒரே மொத்தத்தில் கலந்துவிடும் முறைகளை நான் நம்புவதில்லை.

நிறைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அருமை என்பதும் எல்லையைப் பொறுத்தது. புத்தளம் மாவட்டத்துக்குள் ஒரேயொன்றாக இருப்பது, தீவு முழுவதற்கும் பார்த்தால் மூன்றுள் ஒன்றாக இருக்கலாம். ஆகவே எந்தப் பரப்புக்கான மதிப்பீடு என்பதை முதற்பக்கத்திலேயே எழுதாத அறிக்கையின் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே தளத்தை ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இருவர் மதிப்பிட்டு, புள்ளிகள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதே விருப்பு வெறுப்பை வெளிக்கொணரும் எளிய வழி. எண்களின் பயனும் அதுதான்: நிபுணர் தம் விருப்பத்தை மறைக்க முடியாதபடி, எந்த அளவுகோலில் எவ்வளவு கொடுத்தார் என்பது தாளில் நின்றுவிடுகிறது.

அழகுக்கு எங்குமே இடமில்லை என்று மேலே கூறியதாகக் கொள்ளவேண்டாம். கல்விப் பயனையும் சுற்றுலாப் பயனையும் பிரில்ஹா வேறு பட்டியல்களில் மதிப்பிடுகிறார். அங்கே இயற்கை எழில், பாதுகாப்பு, தங்குமிட வசதி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றுகள் இராவணனோடு தொடர்புடைய புனிதத் தலம். இத்தகைய ஐதீகம் மதிப்பீட்டில் கணக்கெடுக்கப்படுமா?
– வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: கணக்கெடுக்கப்படும், ஆனால் அறிவியற் பெறுமதிக்குள் அன்று. ஐதீகம், வழிபாடு, வரலாறு ஆகியவை மேலதிகப் பெறுமதிகளாகக் கல்வி, சுற்றுலாப் பயன்களின் கணக்கிற் சேரும். கன்னியாவின் அறிவியல் வேறு கதை சொல்கிறது. இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தால் சூடேறி, வேறு பிளவுகள் வழியே மேலேறுகிறது. நாட்டின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் தீவின் அடிப்பாறைகளின் இரு பெரும் பிரிவுகளான உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை அண்டிக் கிழக்கில் வரிசையாக அமைந்திருப்பது, அந்த எல்லை நிலத்துக்கடியில் எப்படிச் செல்கிறது என்று அறிய விரும்புவோருக்குப் பெரும் துப்பாகும்.

கன்னியாவின் ஏழு கிணறுகளையும் சுற்றிச் சதுரமாகக் கட்டு எழுப்பப்பட்டிருப்பதால், ஊற்று இயல்பாகக் கசியும் வாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிதையாத நிலை என்ற அளவுகோலில் அது புள்ளி இழக்கும். மகாஓயா போன்ற பிற ஊற்றுகளுடன் ஒப்பிட்ட பின்னரே, இக்கருப்பொருளுக்குச் சிறந்த பிரதிநிதி எது என்று சொல்லலாம். கல்விப் பயனிலும் சமூகப் பெறுமதியிலும் கன்னியாவை முந்தக்கூடிய ஊற்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவ்விடத்தின் உரிமை பற்றிய வாதம் வேறு மன்றத்துக்குரியது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உஸ்ஸங்கொடையையும் இராவணனோடு இணைப்பார்கள். அவனது வானூர்தி இறங்கிய இடமாம். செம்மண் வெளியில் செடிகள் தரையோடு குறுகிக் கிடப்பதைக் காண்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அங்கே அடியில் இருப்பது சேர்பென்டினைட் என்ற பாறை. அதன் மண்ணில் நிக்கலும் குரோமியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதாலேயே செடிகள் தழைப்பதில்லை. அந்த இடம் 2010 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது.

கேள்வி: இரத்தினபுரியை யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஆக்க முடியாதா? இரத்தினக்கல் விற்பனையால் வாய்ப்பில்லை என்று ஒருவர் சொன்னார்.
– வாசகர் ஒருவர், பெல்மதுளை

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. புவிச்சரித மரபுரிமையைக் காக்கவும் கற்பிக்கவும் ஒரு பிரதேசத்தை ஒன்றாக நிர்வகிக்கும் யுனெஸ்கோ புவிப்பூங்காத் திட்டம் 2015 நவம்பர் 17 அன்று அங்கீகரிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 50 நாடுகளில் 229 பூங்காக்கள் இருந்தன. இலங்கையில் இதுவரை ஒன்றுமில்லை. புவிப்பூங்காவை நடத்தும் அமைப்பு உயிர்ச்சுவடுகள், கனிமங்கள், மெருகிட்ட கற்கள் ஆகியவற்றை விற்பதில் நேரடியாக ஈடுபடக்கூடாது. நிலைத்துநிற்க முடியாத கல் வணிகத்தை ஊக்கங்கெடச் செய்யவும் வேண்டும். ஆனால் சட்டப்படி நடக்கும் கற்குவாரியோ சுரங்கமோ எல்லைக்குள் இருப்பது தானாகவே தடையாகிவிடுவதில்லை. கல் விற்றுப் பிழைக்கும் நகரமொன்றில், பூங்கா நிர்வாகத்தையும் கல் வணிகத்தையும் வெவ்வேறு கைகளில் எப்படி வைப்பது என்பதே விண்ணப்பதாரர்கள் எதிர்கொள்ள வேண்டிய கடினமான பகுதி.

மற்றத் தகுதிகளும் இலேசானவை அல்ல. பரப்பு ஒரே தொடர்ச்சியான நிலமாக இருக்கவேண்டும். அதற்குச் சட்ட அந்தஸ்துடைய நிர்வாக அமைப்பு வேண்டும். விண்ணப்பிக்கும் முன்னரே குறைந்தது ஓராண்டு நடைமுறையிற் புவிப்பூங்காவாக இயங்கியிருக்க வேண்டும். புவிச்சரித மரபுரிமை சர்வதேசப் பெறுமதி வாய்ந்ததா என்பதைச் சுயாதீன அறிஞர்கள் ஆவணங்களிலிருந்து ஆராய்வார்கள். பின்னர் இருவர் நேரில் வந்து பார்ப்பார்கள். அங்கீகாரம் கிடைத்தாலும் அது நான்காண்டுகளுக்குத்தான். மீளாய்வில் பச்சை அட்டை கிடைத்தால் மேலும் நான்காண்டுகள். மஞ்சள் அட்டை என்றால் இரண்டாண்டுக்குள் குறைகளைத் திருத்தவேண்டும். சிவப்பு அட்டை கிடைத்தால் பெயரே பறிபோகும். உலக மரபுரிமைப் பட்டியலோடு ஒப்பிடுகையில் இந்தக் கண்டிப்பு எனக்கு உவப்பானது.

இரத்தினபுரியில் எதைப் பாதுகாப்பது என்பதே உண்மையில் சுவையான கேள்வி. வயலில் தோண்டிய குழியின் பக்கங்களை மரச்சட்டமிட்டு, சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையில் பன்னத் தழைகளைச் செருகி, நீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். களியும் மணலும் மாறிமாறி வரும் படைகளைத் தாண்டியதும், உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் செறிந்த, ‘இல்லம்’ எனப்படும் இரத்தினக்கற் படை கிடைக்கும். அதை மேலேற்றிக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவினால், பாரமான கற்கள் அடியில் தங்கும். வேலை முடிந்ததும் குழி மூடப்பட வேண்டும் என்பது விதி; ஆகவே அந்தப் படைவரிசை சிலகாலமே வெளிச்சத்தில் நிற்கிறது. பாறை முகப்பு ஒன்றைக் கம்பி வேலியிட்டுப் பாதுகாப்பது போல இதைப் பாதுகாக்க இயலாது. ஆனால் மூல இடம் என்ற அளவுகோலில் சப்ரகமுவவுக்கு நிகரான பிரதேசங்கள் உலகில் அதிகமில்லை. இலங்கையின் கனிமவள அளவையின் முதற் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இல் கவனித்த கனிமமே, பின்னர் தோரியனைட் என்ற புதிய இனமாக அறியப்பட்டது. கலை வரலாற்றறிஞராக மட்டுமே அவரை அறிந்தவர்கள், கொழும்பில் பிறந்த அந்தத் தமிழர் கற்களோடு தொடங்கியவர் என்பதை நினைவிற் கொள்ளலாம். நெடுங்காலம் பழுப்பு நிறப் பெரிடொட் என்று விற்கப்பட்ட கல், 1952 இல் சிங்கலைட் என்ற தனிக் கனிமமாக இனங்காணப்பட்டது. 1961 இல் விவரிக்கப்பட்ட ஏகனைட்டும் சப்ரகமுவவின் இரத்தினக்கற் படிவிலிருந்து வந்ததே. ஆகவே குழியைப் படைபடையாக அளந்து, படமெடுத்து, மாதிரிகளை நூதனசாலையில் வைத்து, பின்னர் மூடுவதையே இங்கே பாதுகாப்பு என்று கொள்ளவேண்டியிருக்கும்.

கேள்வி: அருவாக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். வெட்டி எடுக்கும் குழி எப்படி மரபுரிமையாகும்? சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர் ஒருவர், புத்தளம்

பதில்: உலகின் பல சிறந்த தளங்கள் பழைய கற்குவாரிகளே. புத்தளத்துச் சமநிலத்தில் செம்மண் போர்த்திக் கிடக்கிறது. குவாரி வெட்டியிராவிட்டால் அதனடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் படைகளையும் அதிற் பொதிந்த கடல்வாழ் உயிரிகளின் சுவடுகளையும் நாம் பார்த்திருக்கமாட்டோம். வெளிக்காட்டிய கையே நாளை விழுங்கியும் விடும் என்பதால், பிற நாடுகளில் அகழ்வு அனுமதி வழங்கும்போதே, முடிவில் ஒரு வெட்டுமுகத்தை விட்டுவைக்க வேண்டும் என்று நிபந்தனையிடுவது உண்டு. கொழும்பின் குப்பையைக் கொண்டுபோய் நிரப்புவதும் அருவாக்காட்டில்தான் என்பதால், எந்த முகத்தை விட்டுவைப்பது என்ற கேள்வியைக் கொழும்பில் இருப்பவர்களும் கேட்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டுப் பாறைகள் பெரும்பாலும் வேறொன்றின் பெயரால் காக்கப்படுகின்றன. மினிஹாகல்கந்தையின் மயோசீன் படிவுகள் யால தேசிய பூங்காவுக்குள் இருப்பதாலும், குதிரைமலை வில்பத்துக்குள் இருப்பதாலும், உலக முடிவு ஹோட்டன் சமவெளிக்குள் இருப்பதாலும் தப்பியிருக்கின்றன. யானைக்கும் மானுக்கும் நன்றி. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் அகழ்வுக்கான அனுமதியைப் பற்றியது. 1988 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய மரபுரிமை வனப்பகுதிகள் சட்டம், அபூர்வமான சூழற்றொகுதிகளோடு பௌதிக அமைப்புகளையும் தன் நோக்கத்திற் சேர்த்திருக்கிறது. சிங்கராஜவைக் காத்த அந்தச் சட்டத்தைக் கல்லுக்காகவும் பயன்படுத்த வழியிருப்பதாக நான் கருதுகிறேன். எப்பாவல பொஸ்பேற்றுப் படிவை அகழும் திட்டத்தை 2000 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தடுத்துநிறுத்தியபோது, இயற்கை வளத்தை அரசு மக்களின் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்ற கொள்கை அங்கே விரிவாகப் பேசப்பட்டது. அதையும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டலாம்.

கேள்வி: கொழும்பு நகருக்குள் அப்படி ஏதாவது உண்டா?
– மாணவன் ஒருவன், கொட்டாஞ்சேனை

பதில்: சர்வதேசப் பட்டியலுக்குரியது இல்லை. ஆனால் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும் இடங்களில் கபொக் கல்லைப் பார்த்திருப்பீர். புதிதாக வெட்டிய முகத்தில் செங்கபில நிறச் சட்டகமும், அதனூடே புழு துளைத்தாற்போன்ற குழாய்களும், அவற்றினுள் மஞ்சளும் வெண்மையுமான களியும் தெரியும். வெட்டும்போது கத்திக்கு இளகி, காற்றுப்பட்டதும் இறுகிவிடும். உருமாறிய பாறை நம் மழையிலும் வெயிலிலும் ஊறி, கரையக்கூடியவை போய், இரும்பும் அலுமினியமும் எஞ்சியதால் உண்டானது அது. இதே கல்லுக்கு 1807 இல் பிரான்சிஸ் புக்கானன் லற்றரைட் என்று பெயரிட்ட கேரளத்தின் அங்காடிப்புறம், இந்தியாவில் தேசியப் புவிச்சரித நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அது அறிவியல் வரலாற்றின் மூல இடம். கொழும்பில் கல்விப் பயனுக்குரிய பாடம். பிரில்ஹாவின் பிரிப்பும் இவ்வாறானதே: அறிவியற் பெறுமதி உடையது புவிச்சரிதத் தளம், அது குறைந்தும் கற்பிக்கவும் காட்டவும் பயன்படுவது புவிப்பல்வகைமைத் தளம். இரண்டாவது வகை இழிந்தது என்று எண்ணவேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பாறை முகப்பு இருக்கிறது, அது முக்கியமானது என்று நினைக்கிறேன். யாரிடம், எப்படிச் சொல்வது?
– பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் மாணவி, தெஹிவளை

பதில்: முதலில் சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மகளே. பாறைக் காந்தவியல் ஆய்வுக்காகத் துளையிட்டு எடுத்த உருளைகளின் வடுக்கள் உலகின் பல புகழ்பெற்ற முகப்புகளில் நிரந்தரமாக நிற்கின்றன; அறிவியலின் பெயராலேயே அறிவியற் பெறுமதி கெட்ட இடங்கள் அவை. ஜீபீஎஸ் ஆள்கூறு, திகதி, முகப்பின் முழுப்படம், அளவுகோலாக அடிமட்டமோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்த அண்மைப் படங்கள், காணி யாருடையது என்ற தகவல், அருகில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு ஆகியவை போதும். அதன்பின் ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த முகப்பு எந்தக் கதையைச் சொல்கிறது, அதே கதையைச் சொல்லும் வேறு இடங்கள் தீவில் எவை, அவற்றைவிட இது எவ்வகையில் தெளிவானது. அந்த ஒப்பீடு இல்லாத முன்மொழிவுகளே பெரும்பாலும் மேசையிற் கிடந்து தூசி படிகின்றன. கடிதத்தைப் பிட்டகோட்டையிலுள்ள புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்கும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியற் துறைக்கும் அனுப்பலாம். இடம் வனத்துக்குள் என்றால் உரிய திணைக்களத்துக்கும் ஒரு பிரதி. உயிர்ச்சுவடோ பளிங்குருவோ கையாற் பெயர்த்தெடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், ஆள்கூறைக் கடிதத்தில் மட்டும் எழுதுங்கள். முகநூலில் படத்தைப் போடவேண்டாம்.